இதயத்தின் தாளம் தப்பினால்...

மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும். இந்தத் தாளத்தைப் போடுவது இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசு. அங்கே கிளம்பும் மின்துடிப்பு இதயம் முழுக்கப் பரவுகிறது.

மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிவிடும். மின்துடிப்பு அதன் ஊடே நேராகப் போக முடியாமல் சுற்றிச் சுற்றி வரலாம். அப்போதுதான் தாளம் தப்புகிறது.

எல்லாமே ஆபத்தா? இல்லை. இடையில் ஒரு துடிப்பு முந்தி வருவது நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. ஆனால் கீழறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கினால் மூளைக்கு ரத்தம் போகாது. சில நிமிடங்களில் உயிரே போய்விடும்.

"அப்படின்னா அந்த முந்தின துடிப்பை மருந்து கொடுத்து அடக்கிடலாமே?" என்று தோன்றும். டாக்டர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த 'காஸ்ட்' என்ற ஆய்வின் முடிவு 1991-இல் வெளியானது. துடிப்பை அடக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்றைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தது 26 பேர்தான்! துடிப்பு அடங்கியது, உயிர் பிழைக்கவில்லை. எனக்கு இதைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது.

ஆகவே இன்று முந்தின துடிப்பை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதில்லை. இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று 'எக்கோ'வில் பார்க்கிறார்கள். பலம் குறைந்தவர்களுக்கு 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை உதவுகிறது. மிகவும் குறைந்த சிலருக்குத் தோலுக்கடியில் ஒரு கருவி வைக்கிறார்கள். தாளம் கெட்டால் அதுவே மின்அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். இது மனிதருக்கு முதலில் பொருத்தப்பட்டது 1980-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில்.

எங்கள் தாத்தாவும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, நிறுத்திடலாமா?" என்று அடிக்கடி கேட்பார். திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

கடைசியாக ஒன்று. யாராவது மயங்கி விழுந்து, கூப்பிட்டாலும் அசையாமல், சரியாக மூச்சு விடாமல் கிடந்தால், தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். இதை நமக்கெல்லாம் ஒருநாள் செய்துகாட்டிக் கற்றுத்தர வேண்டும் என்று ஆசிரியர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.