வாசல் மாறும்போது வியாபாரம் என்ன செய்யும்?
இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகங்கள் தரும் பாடம்

வர்த்தகப் பக்கத்தில் உதைபந்தாட்டம் எதற்கு என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் சகோதரியின் மகன் கையடக்கத் தொலைபேசிக்கான துணைப்பொருட்களை இறக்குமதி செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தான். ஒரே நாடு, ஒரே விநியோகஸ்தர், ஒரே வகைப் பொருள். கையிலுள்ள முதல் முழுவதும் அதற்குள். அவனது உம்மாவின் நகைகளை அடகு வைத்து வரும் பணமும் அந்தக் கணக்கில் இருந்தது. "இடையில் சட்டம் மாறினால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "அத அப்ப பாத்துக்குவோம் மாமா" என்றான்.

நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். பாவித்த வாகன உதிரிப்பாகங்கள் கொண்ட எனது கொள்கலன் கடலில் இருந்தபோது வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வந்தது. தீர்வை கூடியது. பொருள் கரைக்கு வந்தபோது அதன் அடக்கவிலை சந்தை விலையைத் தாண்டியிருந்தது. அந்தக் கடனை அடைக்க எனக்கு மூன்று வருடங்கள் பிடித்தன. ஆனால் இளைஞர்களுக்கு நம் பழைய கதை ஏறாது. அவன் செல்சி கழகத்தின் தீவிர ரசிகன் என்பதால், உதைபந்தாட்டத்தைக் கொண்டே விளக்கினேன். அதையே இங்கும் தருகிறேன்.

திறந்த வாசல்

ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகத்துக்கு வீரர் மாறும்போது, ஒப்பந்தக் காலம் மீதமிருந்தால் புதிய கழகம் பழைய கழகத்துக்குப் பணம் செலுத்த வேண்டும். முன்பு ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த பின்னரும்கூடப் பழைய கழகம் பணம் கேட்டது. 1990இல் பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்துடனான ஒப்பந்தம் முடிந்த ஜோன் மார்க் பொஸ்மன் என்ற வீரர், பிரான்ஸின் டன்கேர்க் கழகத்துக்குப் போக முயன்றபோது அந்த மாற்றம் கைகூடவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியப் பிரஜை ஒருவர் ஒன்றிய நாடுகளுக்குள் கட்டணமின்றிக் கழகம் மாறலாம் என்றும், ஒன்றியத்தைச் சேர்ந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

இதனால் இங்கிலாந்துக் கழகங்களுக்கு ஐரோப்பா முழுவதும் திறந்த சந்தையானது. பிரான்ஸ், ஸ்பெயின், போர்த்துக்கல் வீரர்களுக்கு வேலை அனுமதியே தேவைப்படவில்லை. ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே கழகம் மாறவும் பீபாவின் விதியில் இடம் இருந்தது. ஆர்சனல் 2003இல் செஸ்க் பப்ரகாஸையும், மென்செஸ்டர் யுனைட்டட் 2009இல் போல் பொக்பாவையும் 16 வயதில் அழைத்து வந்தது இந்த வாசலால்தான்.

ஆபிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் வீரர்களுக்கோ வாசல் ஒடுக்கமாக இருந்தது. அவர்களது தேசிய அணி பீபா தரவரிசையில் முன்னணியில் இருக்க வேண்டும். அந்த அணியின் போட்டிகளில் குறிப்பிட்ட சதவீதத்தில் அவர் விளையாடியிருக்க வேண்டும். 2015இல் வந்த திருத்தத்தின்படி, முதல் 10 இடங்களிலுள்ள நாடு என்றால் 30 சதவீதம், 31 முதல் 50 வரையிலான நாடு என்றால் 75 சதவீதம். சிறிய நாட்டில் பிறந்த திறமைசாலிக்குச் சுமை கூடுதல்.

புதிய கதவு, புதிய சாவி

2020 ஜனவரி 31ஆம் திகதி பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. இடைக்காலம் முடிந்து, 2021 ஜனவரி 1ஆம் திகதி முதல் புதிய விதி அமுலுக்கு வந்தது. அயர்லாந்துப் பிரஜைகள் நீங்கலாக, பிரான்ஸ்காரரும் பிரேசில்காரரும் இப்போது ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

நடைமுறை இதுதான். வீரரை எடுக்க விரும்பும் கழகம் முதலில் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் சிபாரிசைப் பெற வேண்டும். அதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு. தேசிய அணிக்கு எவ்வளவு விளையாடினார், கழகத்தில் எவ்வளவு நேரம் களத்தில் நின்றார், அவரது கழகம் எந்தத் தரத்திலுள்ள லீக்கில் ஆடுகிறது, அங்கு எந்த இடத்தில் முடித்தது, கண்ட மட்டப் போட்டிகளில் எவ்வளவு தூரம் போனது என்பவற்றுக்கெல்லாம் புள்ளிகள். 15 புள்ளிகள் சேர்ந்தால் சிபாரிசு கிடைக்கும். அதன் பின்னரே உள்துறை அமைச்சிடம் வீஸாவுக்கு விண்ணப்பிக்கலாம். 18 வயதுக்குக் குறைந்த வெளிநாட்டு வீரர்களை எடுக்கவே முடியாது. இன்னொரு பப்ரகாஸை 16 வயதில் கொண்டுவரும் வழி அத்துடன் அடைபட்டது.

கழக உரிமையாளர்கள் பலர் வாசல் மூடிவிட்டதாகப் புலம்பினார்கள். ஆனால் விதியை வரி வரியாக வாசித்தவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். ஐரோப்பாவின் வாசல் ஒடுங்கியிருந்தது. தென் அமெரிக்காவின் வாசல் சற்று அகன்றிருந்தது.

பிரைட்டனின் கணக்கு

இங்குதான் என் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிரைட்டன் பெரிய பணக்காரக் கழகமல்ல. 2021 பெப்ரவரியில் ஈக்வடோரின் இன்டிபென்டியன்ட் டெல் வாயே கழகத்திலிருந்து 19 வயது மொய்செஸ் கைசெடோவை அது வாங்கியது. விலை 4 முதல் 5 மில்லியன் பவுண் வரை என்று பத்திரிகைகள் எழுதின. 18 வயதிலேயே ஈக்வடோர் தேசிய அணிக்கு ஆடத் தொடங்கியிருந்தவர் அவர். புதிய விதி வந்து ஒரு மாதம் மட்டுமே ஆகியிருந்தது. அவரை உடனே களத்தில் இறக்கி அவசரப்படவும் இல்லை. அனுபவத்துக்காகப் பெல்ஜியத்தின் பேர்ஷொட் கழகத்துக்கு இரவல் கொடுத்து, 2022 ஜனவரியில் திருப்பி அழைத்தது. 2023 ஓகஸ்டில் செல்சி அவரை வாங்கியபோது ஒப்பந்தம் 100 மில்லியன் பவுண், மேலதிகக் கொடுப்பனவுகளுடன் 115 மில்லியன் வரை. அப்போதைய பிரித்தானியச் சாதனை அது.

ஜப்பான் வீரர் கௌரு மிட்டோமாவின் கதை வேறு. 2021 ஓகஸ்டில் வாங்கியபோது அவருக்கு வேலை அனுமதி கிடைக்கும் நிலை இல்லை. ஜப்பான் சிரேஷ்ட அணிக்கு அவர் ஒரு போட்டிகூட ஆடியிருக்கவில்லை. அனுமதி கிடைக்காது என்று தெரிந்தே பிரைட்டன் வாங்கியது. ஒரு பருவகாலம் பெல்ஜியத்தின் யூனியன் சென் ஜில்வாஸ் கழகத்தில் ஆட வைத்தது. பிரைட்டனின் உரிமையாளர் டொனி புளூம் 2018இலேயே அந்தக் கழகத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியிருந்தார். அங்கு ஆடிய காலத்திலேயே மிட்டோமா ஜப்பான் சிரேஷ்ட அணிக்கும் தெரிவானார். தகுதி சேர்ந்தது, 2022இல் அனுமதியுடன் இங்கிலாந்து வந்தார்.

வீரர் ஒரு சரக்கல்ல; அவருக்கும் ஆசை, குடும்பம், காயம் எல்லாம் உண்டு. எனினும் கழகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் வர்த்தகக் கணக்கு தெளிவானது. அனுமதி கிடைத்த பின் வாங்கினால் விலை அதிகம். அனுமதி கிடைக்கும் முன் வாங்கினால் விலை குறைவு. ஆனால் காத்திருக்கும் காலத்தின் செலவையும், கடைசிவரை அனுமதி கிடைக்காமல் போகும் ஆபத்தையும் நாமே சுமக்க வேண்டும். பிரைட்டன் அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதியிருந்தது.

சந்து நிரந்தரமல்ல

இந்த வழியைப் பலரும் பின்பற்றினார்கள். மென்செஸ்டர் சிட்டியின் குழுமம் ஸ்பெயினின் ஜிரோனா, பெல்ஜியத்தின் லொமெல், பிரான்ஸின் துருவா என ஏற்கெனவே கிளை பரப்பியிருந்தது. செல்சியின் உரிமையாளர்கள் 2023இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் கழகத்தை வாங்கினார்கள்.

ஆனால் விதி செய்பவர்களும் தூங்கவில்லை. வெளிநாட்டுக் கழகங்களுக்கு இரவல் கொடுக்கும் வீரர்களின் எண்ணிக்கைக்கு பீபா 2022 ஜூலையில் வரம்பு விதித்தது. முதலில் 8 பேர். 2024 ஜூலை முதல் 6 பேர். 21 வயது வரையிலான, சொந்தக் கழகத்தில் வளர்ந்த வீரர்களுக்கு மட்டும் விலக்கு. ஒரே உரிமையாளரின் இரு கழகங்கள் ஒரே ஐரோப்பியப் போட்டியில் ஆடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. இதனால் 2023இல் புளூம் தமது பெல்ஜியக் கழகப் பங்கைச் சிறுபான்மையாகக் குறைக்க நேர்ந்தது.

மறுபக்கத்தில் இங்கிலாந்துச் சங்கம் கதவைச் சற்றுத் தளர்த்தியது. 2023 ஜூனில் வந்த மாற்றத்தின்படி, முதல் இரண்டு பிரிவுகளின் கழகங்கள் புள்ளி போதாத வீரர்கள் 4 பேர் வரை எடுக்கலாம். அடுத்த இரு பிரிவுகளுக்கு 2 பேர் வரை. நிபந்தனை என்னவென்றால், உள்நாட்டு வீரர்களுக்குக் கழகம் எவ்வளவு ஆட்ட நேரம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த இடங்களின் எண்ணிக்கை அமையும். அதாவது, உள்நாட்டவரை வளர்த்தவருக்கு இறக்குமதிச் சலுகை.

நமக்கான கணக்கு

மருமகனுக்கு நான் சொன்னது மூன்றே விடயங்கள்.

முதலாவது, அனுமதிப்பத்திரத்தை அலுவலகத்துக் கடதாசி என்று நினைக்காதே. கப்பற்கூலியைப் போல அதுவும் அடக்கவிலையில் ஒரு பகுதி. அதற்கு எடுக்கும் காலத்துக்கும் விலை உண்டு.

இரண்டாவது, விதி மாறும்போது மூடிய கதவின் முன் நின்று புலம்புவதற்கு முன், முழு அறிவித்தலையும் வாசி. எங்கோ ஒரு வாசல் அகன்றிருக்கும். அதைப் பிறர் வாசிக்கும் முன் நீ வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, சந்தை நம்பிக் கடை போடாதே. சட்டத்தின் இடைவெளியில் வரும் இலாபம் அந்த இடைவெளி இருக்கும்வரை மட்டுமே. பிரைட்டனிடம் உண்மையில் இருந்த முதல், பிறர் கவனிக்காத இடத்தில் நல்ல வீரரை இனங்காணும் திறமை. இரவல் விதி மாறினாலும் அது கையை விட்டுப் போகாது.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கொஞ்சமாத் தொடங்குவோமா மாமா?" என்றான். இப்போது முதலை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கில் மட்டும் முதல் கட்டளையை அனுப்பியிருக்கிறான். இன்னொரு நாட்டு விநியோகஸ்தருடனும் பேசிக்கொண்டிருக்கிறான். இலாபம் வருமா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவனது உம்மாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போகவில்லை. இப்போதைக்கு எனக்கு அது போதும்.