வாளியில் எவ்வளவு ரப்பர்?

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலையும் உண்டு, ரப்பரும் உண்டு. எங்கள் அப்பா பால் வெட்டினவர். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவருடைய வாளிக்குப் பின்னாலேயே நானும் ஸ்டோருக்குப் போவேன். அங்கே பாலை லீட்டர் கணக்கில் அளந்த கையோடு கொஞ்சத்தை எடுத்துச் சோதிப்பார்கள். மெட்ரோலக் என்று ஒரு மிதவை. ரப்பர் தண்ணீரைவிட இலேசு என்பதால், ரப்பர் கூடின பாலில் அது ஆழமாக இறங்கும். தண்ணீர் கூடினால் மேலே நிற்கும். நல்ல பாலிலேயே நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்குதான் ரப்பர். வாளி நிறைந்திருப்பதைப் பார்த்து அப்பா ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை. மிதவை எங்கே நிற்கிறது என்றுதான் எட்டிப் பார்ப்பார்.

2010இல் நான் வலைப்பூ தொடங்கியபோது இந்தப் புத்தி எனக்கு வரவில்லை. டவுனில் ஒரு நெட் கபேயில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, லயத்து வாழ்க்கையை எழுதினேன். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி அப்போது உச்சத்தில் இருந்தது. எழுதியதை அதில் சேர்த்தால் உலகத்துத் தமிழரெல்லாம் தலைப்பைப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தார்கள். அந்தத் திரட்டிக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன். அது இல்லாவிட்டால் கஹவத்தையில் எழுதுகிறவனை யாருக்குத் தெரியும்?

ஆனால் அங்கே வாக்கும் இருந்தது. வாக்குக் கூடினால் இடுகை முன்னால் நிற்கும். ஆகவே பதிவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். நீ என் பக்கம் வந்து வாக்குப் போடு, நான் உன் பக்கம் வருகிறேன். மொய் என்றே அதற்குப் பேர். போட்டதற்கு அடையாளமாக ‘த.ம. 3’, ‘த.ம. 4’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு கூட்டில் நானும் சேர்ந்தேன். நாற்பது, முந்நூறானது. ஆங்கிலப் பதிவர்கள் இதையே இயந்திரமாக்கி வைத்திருந்தார்கள். 2007இல் வந்த என்ட்ரகார்ட் என்ற தளத்தில் ஒருவர் நாளைக்கு 300 பக்கங்களில் தன் அட்டையைப் போட்டுப் புள்ளி சேர்க்க முடிந்தது. அந்தப் புள்ளியைக் கொடுத்து மற்றவர் பக்கத்தில் விளம்பரம் வைக்க முடிந்தது. 300 பக்கத்துக்குப் போகிறவர் எந்தப் பக்கத்தை வாசிப்பார்?

எனக்கு உறைத்த நாள் நன்றாக ஞாபகமிருக்கிறது. எங்கள் அத்தை கொழுந்தெடுக்கப் போன இடத்தில் குளவி கொட்டிச் செத்துப் போனார். அதை எழுதினேன். எழுதி முடிக்க மூன்று நாள் பிடித்தது. போட்ட பத்து நிமிடத்தில் முதல் பின்னூட்டம்: ‘மீ த ஃபர்ஸ்ட்டு! கலக்கல் நண்பரே, த.ம. 2.’ அவர் கெட்டவரில்லை. கடனைக் கொடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அத்தையின் பெயரை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

அன்றைக்குத்தான் கூகுள் அனலிட்டிக்ஸை ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். மொத்தக் கூட்டுத்தொகையில் ஒன்றும் விளங்காது. வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பிரித்து, ஒவ்வொரு வழியையும் தனியாகப் பார்க்க வேண்டும். கூட்டு வழியாக வந்தவர்களில் இரண்டாவது பக்கத்தைத் திறந்தவர் அநேகமாக இல்லை. தேடி வந்தவர்கள் குறைவு; ஆனால் வந்தால் மூன்று, நான்கு பக்கம் போனார்கள்.

நேரத்தை மட்டும் நம்பவும் கூடாது. அந்தக் காலத்து அனலிட்டிக்ஸ், ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும் இடைவெளியை வைத்தே நேரத்தைக் கணக்கிட்டது. ஒரே பக்கத்தைப் பத்து நிமிடம் ஊன்றி வாசித்துவிட்டுப் போன நல்ல மனிதருக்கும் பூச்சியம்தான் விழும். இப்போதைய அனலிட்டிக்ஸான ஜிஏ4 வேறு மாதிரி. பத்து வினாடி நின்றாலோ இரண்டு பக்கம் பார்த்தாலோ ஈடுபாடுள்ள வருகை என்று எண்ணிக்கொள்ளும். புள்ளிக்காக ஒருவர் பக்கத்தை மற்றவர் திறக்கும் மாற்று வலைகளிலோ புள்ளி கிடைக்கும்வரை பக்கம் திறந்தே இருக்க வேண்டும். அது பத்து வினாடியைத் தாண்டிவிட்டால், ஆள் ஒரு வரியும் வாசிக்காவிட்டாலும் கணக்கில் வாசகர்தான். நான் பெரிதாக மதிப்பது இரண்டே. அடுத்த பக்கத்தைத் தானாகத் திறந்தாரா? கூப்பிடாமல் மறுபடி வந்தாரா?

இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஒரு வாரம் நான் யாருடைய பக்கத்துக்கும் மொய் வைக்கப் போகவில்லை. முந்நூறு, ஐம்பதுக்கு இறங்கியது. இறங்கின இருநூற்றைம்பதும் தண்ணீர். இப்போது வலைப்பூவில் காசு பார்க்க நினைக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். 2018இல் கூகுளின் விளம்பரத் திட்டமான அட்சென்ஸ் தமிழுக்கும் வந்தது. மாற்று வலைகளிலிருந்து ஆள் கூட்டுவதை அது ஏற்பதில்லை, கணக்கையே மூடிவிடலாம்.

அந்த ஐம்பதில் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து என்று காட்டியது. மூன்று நாள் தொடர்ந்து வந்தார், பதினொரு இடுகைகள் வாசித்தார். ஊர்ப்பெயரைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பல வேளை அது இணையக் கம்பனியின் ஊர்தான். நான்காம் நாள் மின்னஞ்சல் வந்தது, கோத்தகிரியிலிருந்து. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியதே, அந்தக் கணக்கில் சிறுபிள்ளையாகக் கப்பலேறியவர். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம். குளவி கொட்டின மலை மேல் மலையா, கீழ் மலையா என்று கேட்டிருந்தார். ஸ்டோருக்குப் பின்னால் நின்ற பலா மரத்தைப் பற்றியும் கேட்டிருந்தார்.

கீழ் மலை என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை போய் மரத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அடுத்த வாரக் கணக்கில் கோயம்புத்தூர் என்று ஆறு பேர் இருந்தார்கள். எல்லோரும் அத்தையைப் பற்றிய இடுகையில் தொடங்கி, பின்னோக்கி வாசித்துக்கொண்டு போயிருந்தார்கள்.