தீ அணைந்தும் திறவாத வனவாயில்

அக்கினி தேவன் காண்டவ வனத்தை உண்டு பசியாறிய கதை நம் இல்லங்களில் அனைவரும் அறிந்ததே. ஆனால், எரிந்த காடு மறுபடி தளிர்த்ததா என்று நாம் கேட்டதில்லை. ஆஸ்திரேலிய மக்களுக்கோ அக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டிய காலம் வந்தது.

சிட்னி நகருக்கு மேற்கே, நம் நீலகிரியின் பெயரையே தாங்கிய 'புளூ மவுண்டன்ஸ்' மலைப் பிரதேசம் இருக்கிறது. நாம் தைலம் வடிக்கும் யூகலிப்டஸ் மரத்துக்கும் அந்நாடே தாயகம். கோடையில் அவ்விலைகளின் எண்ணெய் தீக்கு நெய்யாகிறது. 2019 அக்டோபரில் வாலமை தேசீய வனத்தில் விழுந்த மின்னல் மூட்டிய தீ, 12 லட்சம் ஏக்கருக்கு மேல் பரவியது. அப்பருவத்துத் தீக்களால், 2000-இல் உலகப் பாரம்பரியப் பெருமை பெற்ற அவ்வனங்களில் மூன்றில் இருபங்குக்கு மேல் கருகிற்று. வனவாயில்கள் அடைக்கப்பட்டன.

2020 பெப்ரவரியில் பெய்த பெருமழை தீயை அடக்கியது. "இனி என்ன தடை?" என்று கேட்பது இயல்பு. கட்டூம்பா முதலிய ஊர்களில் விடுதியும் உணவுச்சாலையும் நடத்துவோர் யாத்திரிகர்களை நம்பியே பிழைப்பவர்கள். அவர்களுடைய கஷ்டம் சிறிதன்று. ஆயினும், வேர் வெந்த மரம் காற்றில்லாமலே சாயும். செடிகொடி இழந்த சரிவிலிருந்து அதே மழை மண்ணையும் பாறையையும் உருட்டிவந்து பாதைகளை மறித்தது. ஆகவே, பழுது நீங்கிய பாதைகளே ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன.

இதற்கிடையே காடு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கரிந்த யூகலிப்டஸ் மரத்தின் பட்டைக்கடியில் உறங்கிய மொட்டுக்கள் சில வாரங்களிலேயே தளிர்விட்டன. பாங்க்சியாவின் காய்கள் தீயின் வெப்பத்தால் வெடித்து விதை சிந்தின. அத்தளிரே உயிர்தப்பிய விலங்குகளுக்கு ஆகாரம். சாம்பலில் தலைநீட்டும் நாற்றோ ஒரு காலடிக்குத் தாங்காது.

ஒரு வாயில் மட்டும் என்றுமே திறப்பதில்லை. 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட வாலமை பைன், ராட்சதப் பல்லிகள் உலாவிய காலத்து வம்சம். இயற்கையாய் வளர்ந்து நிற்பவை இருநூற்றுக்கும் குறைவு. ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய வீரர்கள் நீர்க்குழாய் அமைத்து அவற்றைக் காத்தனர். அவ்விடம் இன்றும் ரகசியமே. மனிதர் காலணியில் ஒட்டிவரும் நோய்க்கிருமியே அவற்றை மாய்க்கக்கூடும்.

தேசீய வனம் ஜனங்களின் சொத்து. காணும் உரிமை அனைவர்க்கும் உண்டு. காத்திருக்கும் கடமையும் அச்சொத்துக்கு உடையவர்களையே சேர்ந்ததென்று நமக்குத் தோன்றுகிறது.