காத்திருப்பே குற்றமா?

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் மீனும் வாங்க வரும் தமிழர்களிடையே வேலைச் செய்தியும் கைமாறும். கடை வேலைக்கு விளம்பரம் கிடையாது. தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு. வேலை போய் ஒரு மாதம் என்றால் விசாரிப்பார்கள். ஒரு வருடம் என்றால் எழும் கேள்வியே வேறு: "இத்தனை நாள் ஏன் யாரும் எடுக்கவில்லை?"

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் யோசிக்கின்றன. அமெரிக்காவில் கோரி குரோஃப்ட் உள்ளிட்ட 3 பொருளாதார நிபுணர்கள், 3,000 வேலைகளுக்குச் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். 2013இல் வெளியான முடிவு: வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட அழைப்புகள் குறைந்தன. முதல் 8 மாதங்களில்தான் சரிவு அதிகம்.

தமிழ்நாட்டில் பழகிய கணக்கோ நேர்மாறானது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, 3 ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தால் காத்திருப்பே சீனியாரிட்டி. ஆனால் அலுவலகம் அனுப்பும் பட்டியலோடு நிற்காமல், வேலைக்கு விளம்பரமும் தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் பொதுப் போட்டியில் இறங்க வேண்டியதாயிற்று.

குரோஃப்ட் ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. வேலை தாராளமாக உள்ள ஊர்களில்தான் நீண்ட இடைவெளி அதிகம் உறுத்தியது. பலரும் வேலையிழந்த ஊர்களில் அவ்வளவாக இல்லை. 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது வேலையிழந்தவரை யாரும் திறமையற்றவர் என்று சொல்லவில்லை. மற்ற காலங்களில் வேலையிழப்பவருக்கும் அந்த நியாயம் வேண்டும். கழிந்த மாதங்களை எண்ணுவதற்கு முன், கைத்தொழிலை ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாமே!