நாடு பிறக்கும் முன்பே வெளியுறவு அமைச்சர்

இலக்கியமும் சமூகவியலும் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? ஸ்லோவேனியாவின் டிமித்ரி ரூபெலுக்கு, இன்னும் பிறக்காத ஒரு நாட்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் வேலை கிடைத்தது.

1946-இல் லுப்லியானா நகரில் பிறந்த ரூபெல், அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நண்பர்களுடன் சேர்ந்து ‘நோவா ரெவியா’ என்ற இதழைத் தொடங்கினார். 1987-இல் அதன் 57-ஆவது இதழ், யுகோஸ்லாவியாவுக்குள் ஸ்லோவேனியர்களின் எதிர்காலம் என்ன என்று வெளிப்படையாகக் கேட்டது. ஆட்சியாளர்கள் கொதித்தனர்.

1990-இல் வெளியுறவுப் பொறுப்பு அவரிடம் வந்தபோது ஸ்லோவேனியா தனிநாடு அல்ல. 1991 ஜூன் 25-இல் அது சுதந்திரத்தை அறிவித்தது. பத்து நாள் போர் மூண்டது. போர் ஓய்ந்த பிறகும் பல நாடுகள் தயங்கின. நாம் அறிவித்தால் மட்டும் போதாது, மற்றவர்களும் ஏற்க வேண்டுமே! 1992 ஜனவரி 15-இல் ஐரோப்பியச் சமூகம் அங்கீகரித்தது. மே 22-இல் ஐ.நா. உறுப்பினர் தகுதியும் கிடைத்தது.

பின்னர் லுப்லியானாவின் மேயராகவும் அமெரிக்காவுக்கான தூதராகவும் இருந்த ரூபெல், 2000-இல் மீண்டும் அமைச்சரானார். 2004-இல் ஸ்லோவேனியா நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இணைந்தது.

சுமார் 20 லட்சம் மக்களே வாழும் நாடு அது. பெரிய படை இல்லாத நாட்டுக்குப் பேச்சுத்திறனும் பொறுமையும்தான் பலம். மாணவர்களே, அந்தப் பயிற்சி வகுப்பறையிலும் கிடைக்கும்.