துளையலகைத் தீட்டுதல்: கையாலா, யந்திரத்தாலா?

பல மணி நேரம் உழைத்து உருவாக்கிய இரும்பு உறுப்பு, இறுதியில் இடும் ஒரு துளை பிழைபட்டதால் வீணாகிவிடுவதுண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம், சரிவரத் தீட்டப்பெறாத துளையலகே. பட்டறைகளில் இதனை டிரில் பிட் என்பர்.

இன்று எங்கும் வழங்கும் முறுக்கு அலகுக்கு அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1863ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன் நுனியில் இரண்டு வெட்டு விளிம்புகள் உள்ளன. பொதுவான வேலைக்கு அவற்றினிடையே 118 பாகைக் கோணம் வேண்டும். அதாவது, ஒவ்வொன்றும் அலகின் அச்சிலிருந்து 59 பாகை சாய்ந்திருத்தல் வேண்டும். கடின எஃகுக்கு 135 பாகை ஏற்றது. விளிம்புகளின் நீளம் ஒத்திராவிடின் நுனி நடுவைவிட்டு விலகும். துளை அலகினும் பெரிதாகும். கோணம் வேறுபட்டால் ஒரு விளிம்பே வெட்டி, விரைவில் மழுங்கும். விளிம்புக்குப் பின்னால் 8 முதல் 12 பாகை வரை சரிவும் தேவை. சரிவு குறைந்தால் அலகு வெட்டாமல் தேயும். மிகுந்தால் விளிம்பு வலுவிழந்து உதிரும்.

கையால் தீட்டுவோர் விளிம்பைக் கிடையாக வைத்து, சாணைச் சக்கரத்தில் மெல்ல அழுத்தி, காம்பைச் சிறிது தாழ்த்துவர். இதனால் பின்சரிவு உண்டாகிறது. பின்னர் அலகை அரைச் சுற்றுத் திருப்பி, மறுபுறத்தையும் அவ்வாறே தீட்டிக் கோண அளவியால் ஒப்பிடுவர். 1950இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் ஃபிட்டர் தொழில் பயில்வோர் இதனைக் கற்கின்றனர்.

யந்திரத்திலோ, அலகைப் பிடியில் பொருத்தி, ஒரே அமைப்பில் இரு விளிம்புகளையும் தீட்டலாம். நாள்தோறும் பல அலகுகளைத் தீட்டும் தொழிற்சாலைக்கு இதுவே சிக்கனமானது. கையில் பிடிக்க இயலாத மெல்லிய அலகுகளுக்கும் இது பெரிதும் உதவும். ஆயின், அமைப்பில் நேர்ந்த பிழையை யந்திரம் ஒவ்வோர் அலகிலும் பதித்துவிடும். அதனைக் கண்டுபிடிக்கக் கையால் தீட்டிப் பழகிய கண் வேண்டும். ஆகவே, முதலில் கைத்திறனைப் பெறுதலே முறையாம்.

தீட்டும்போது கண்ணாடி அணிதல் இன்றியமையாதது. கரி எஃகு அலகு நீலம் பாயச் சூடேறினால் பதம் கெடும். அதனை அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும். அதிவேக எஃகு அலகு மிகச் சூடேறியபின் நீரில் தோய்த்தால் வெடிப்புக் காணும். அதனைத் தானே ஆறவிடுதல் நன்று.

எம்முறையில் தீட்டினாலும், முதலில் கழிவு இரும்பொன்றில் துளையிட்டுப் பார்ப்போமாக. இரு வரிப்பள்ளங்களிலிருந்தும் இரும்புச் சுருள் ஒருபடித்தாக எழுமாயின், அவ்வலகை நம்பி வேலையில் இறங்கலாம்.