பறிமுதலும் கையகப்படுத்துதலும்

நெடுஞ்சாலை, இரயில் பாதை, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றை அமைக்க அரசாங்கத்திற்கு நிலம் தேவைப்படுகிறது. அந்நிலம் தனியாருக்குச் சொந்தமாக இருப்பினும், அரசாங்கம் அதனைச் சட்டப்படி எடுத்துக்கொள்ள முடியும். ‘நிலத்தை அரசாங்கம் பறிமுதல் செய்துவிட்டது’ என்று மக்கள் இதனைப் பேச்சுவழக்கில் கூறுவதுண்டு. ஆனால், சட்டத்தின் பார்வையில் பறிமுதல் வேறு, கையகப்படுத்துதல் வேறு.

பறிமுதல் குற்றத்தோடு தொடர்புடையது. குற்றச் செயலின்வழி ஈட்டிய சொத்தையோ குற்றம் புரியப் பயன்படுத்திய பொருளையோ அரசாங்கம் எடுத்துக்கொள்வதே பறிமுதலாகும். எடுத்துக்காட்டாக, மலேசியாவில் போதைப்பொருள் கடத்திச் சேர்த்த சொத்துகளைப் பறிமுதல் செய்வதற்கென்றே 1988ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய பறிமுதலுக்கு இழப்பீடு கிடையாது.

கையகப்படுத்துதலிலோ நில உரிமையாளர் எக்குற்றமும் புரியாதவர். பொதுத் தேவைக்காக அவர் தம் நிலத்தை இழக்க நேர்கிறது. எனவேதான், கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு அவருக்கு இரண்டு பாதுகாப்புகளை வழங்குகிறது. ஒன்று, சட்டப்படியன்றி எவருடைய சொத்தையும் பறித்தல் ஆகாது. மற்றொன்று, போதிய இழப்பீடு இன்றிச் சொத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த எந்தச் சட்டமும் இடமளிக்கக்கூடாது.

இதற்கான நடைமுறையை 1960ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் வகுத்துள்ளது. எடுக்கப்படும் நிலம் பற்றிய அறிவிப்பு அரசிதழில் வெளியாகும். பின்னர், நில நிர்வாகி விசாரணை நடத்துவார். உரிமையாளர் அதில் கலந்துகொண்டு தம் கோரிக்கையை முன்வைக்கலாம். நிலத்தின் சந்தை மதிப்போடு, வீட்டையோ தொழிலையோ வேறிடத்திற்கு மாற்றுவதற்கான நியாயமான செலவும் கணக்கில் கொள்ளப்படும். வழங்கப்படும் தொகை போதாது எனக் கருதினால், குறித்த காலத்திற்குள் ஆட்சேபம் தெரிவித்து உயர் நீதிமன்றத்தின் முடிவை நாடலாம்.

அங்கு நீதிபதியுடன் இரண்டு மதிப்பீட்டாளர்கள் அமர்வர். முன்பு, இழப்பீட்டுத் தொகையில் அவர்களின் கருத்துக்கு நீதிபதி கட்டுப்பட வேண்டியிருந்தது. காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலைக்காகச் செமினியில் எடுக்கப்பட்ட நிலம் தொடர்பான வழக்கில், அந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. மதிப்பீட்டாளர்கள் ஆலோசனை கூறலாம். தீர்ப்பு வழங்கும் அதிகாரமோ நீதிபதிக்கே உரியது என்பதை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது.

புதிய சாலையால் பயன்பெறுவோர் பலர். அதற்காக நிலத்தை இழப்போரோ சிலர். அச்சிலரின் இழப்பை நாட்டு மக்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் வழியே இழப்பீடு. ஆகவே, இழப்பீடு சலுகையன்று, உரிமை. நில அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் படிக்காமல் ஒதுக்கி வைப்பவர், அவ்வுரிமையைக் கோரும் வாய்ப்பை இழந்துவிடக்கூடும். அதனைப் படித்துப் புரிந்துகொண்டு, உரிய ஆவணங்களுடன் விசாரணைக்குச் செல்பவரே தம் உரிமையைக் காத்துக்கொள்கிறார்.